14 வாரம் மூடிய பள்ளி, ஒன்றரை ஆண்டு இழப்பு

2005 அக்டோபர் 8, சனிக்கிழமை. பாகிஸ்தானின் வடக்கு மலைப்பகுதியில் ரம்ஜான் மாதம். பெரியவர்கள் நோன்பு வைத்திருந்தார்கள், பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். காலை 8.50 மணிக்கு 7.6 அளவில் பூமி குலுங்கியது. முசாஃபராபாத், பாலாகோட், பாக் என்று ஊர் ஊராகச் சரிந்தது. 70,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பள்ளி நேரம் என்பதால் கூரைகளின் கீழ் சிக்கிய குழந்தைகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

உலகம் உதவிக்கு ஓடிவந்தது. வீடு இடிந்த குடும்பத்துக்கு 1,75,000 பாகிஸ்தான் ரூபாய் வரை தவணைகளில் கிடைத்தது. சாலை வந்தது, மின்சாரம் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வுக் குழு அங்கே போனது. தாஹிர் அந்த்ராபி, பெஞ்சமின் டேனியல்ஸ், ஜிஷ்ணு தாஸ் ஆகிய மூவரும் எழுதிய அந்த ஆய்வு, பேரிடர்க் காலக் கல்வியைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருந்த ஒரு கணக்கைப் புரட்டிப் போட்டது.

பேரிடர் ஒரு குழந்தையை என்ன செய்தது என்று அறிவது லேசுப்பட்ட காரியமல்ல. அடிபட்ட ஊரையும் அடிபடாத ஊரையும் ஒப்பிட்டால் போதாது. அடிபட்ட ஊர் முதலிலிருந்தே ஏழை ஊராக இருந்திருக்கலாம். இந்தக் குழு நிலப்பிளவுக் கோட்டைப் பிடித்துக்கொண்டது. அந்த மலைகளுக்கு அடியில் பல பிளவுகள் ஓடுகின்றன. அன்று காலை எது அசையும் என்பது யாருக்கும் தெரியாது. அசைந்த பிளவின் மேல் குடியிருந்தவர்களும் 20 கிலோமீட்டர் தள்ளிக் குடியிருந்தவர்களும் வசதியில், படிப்பில், பெரியவர்களின் உயரத்தில்கூட ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தார்கள். இயற்கையே சீட்டுக் குலுக்கிப் போட்ட ஒரு சோதனை அது. நான்கு மாவட்டங்களில் 126 கிராமங்கள், சுமார் 28,000 வீடுகள். அவற்றில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துப் பிள்ளைகளின் உயரத்தை அளந்தார்கள். மொழியிலும் கணக்கிலும் தேர்வு வைத்தார்கள்.

பெரியவர்களைப் பொறுத்தவரை நல்ல செய்தி. வீடு, சொத்து, செலவு என எதை எடுத்தாலும், பிளவுக்கு அருகில் இருந்தவர்களுக்கும் தொலைவில் இருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நிவாரணப் பணம் தன் வேலையைச் செய்திருந்தது. பள்ளிச் சேர்க்கையும் இரு பக்கமும் சமம்தான். குழந்தைகளின் கதை வேறு. நிலநடுக்கத்தின்போது வயிற்றிலோ தொட்டிலிலோ இருந்தவர்கள் உயரம் குறைந்து வளர்ந்திருந்தார்கள். 3 முதல் 15 வயதுக்குள் இருந்தவர்களுக்கு உயரத்தில் குறையில்லை, படிப்பில்தான் அடி. பிளவுக்கு அருகில் வாழ்ந்த பிள்ளைகள், தொலைவில் வாழ்ந்தவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள்.

விடுகதை இங்கேதான். அந்தப் பள்ளிகள் மூடியிருந்தது சராசரியாக 14 வாரம். 14 வாரம் எப்படி ஒன்றரை ஆண்டாகும்?

கடன் வாங்கிக் கழித்தல்

ஆய்வாளர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் எளிமையானது, கொஞ்சம் வயிற்றைக் கலக்குவதும்கூட. இழப்பின் பெரும்பகுதி கதவு மூடியிருந்தபோது நடக்கவில்லை. கதவு திறந்த பிறகு நடந்தது.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். பள்ளி மூடிய மாதங்களில் அவள் வகுப்பில் நடந்திருக்க வேண்டிய பாடம் கடன் வாங்கிக் கழித்தல்: 52-இலிருந்து 37-ஐக் கழிக்க, 2-இலிருந்து 7 போகாது, பக்கத்து 5-இடம் ஒரு பத்தைக் கடன் வாங்கு. பள்ளி திறந்தது. பாடத்திட்டம் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. ஆசிரியர் நான்காம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்து வகுத்தலைத் தொடங்குகிறார். நீள் வகுத்தலில் ஒவ்வொரு படியிலும் ஒரு கழித்தல் இருக்கிறது. கழித்தல் வராதவளுக்கு வகுத்தல் வராது. வகுத்தல் வராதவளுக்கு அடுத்த ஆண்டு பின்னம் வராது. பின்னம் பிடிபடாமல் சதவீதம், விகிதம் எல்லாம் வெறும் சத்தம். அவள் தினமும் பள்ளிக்குப் போகிறாள். வருகைப் பதிவேட்டில் குறையே இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பாடம் அவளைத் தாண்டி இன்னும் கொஞ்சம் தூரம் போய்விடுகிறது.

மிஷெல் காஃபன்பெர்கர் என்ற ஆய்வாளர் கொரோனா காலத்தில் இதை ஒரு கணித மாதிரியாகப் போட்டுப் பார்த்தார். மூன்றாம் வகுப்பில் ஓர் ஆண்டுக் கற்றலில் மூன்றில் ஒரு பங்கை இழந்த பிள்ளைக்கு, யாரும் கைகொடுக்காவிட்டால், பத்தாம் வகுப்புக்குள் அந்த இழப்பு முழு ஓராண்டாக வளர்ந்துவிடும் என்றது அவர் கணக்கு. வட்டிக்கு வாங்கிய கடன் வளர்வது தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாகிஸ்தான் ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. என்னைப் பொறுத்தவரை அதுதான் அந்த ஆய்வின் உயிர். பிளவுக்கு அருகிலேயே இருந்தும், சில குழந்தைகளின் படிப்பில் இழப்பே தென்படவில்லை. அவர்களுடைய அம்மாக்கள் தொடக்கப்பள்ளியை முடித்தவர்கள். கல்லூரி அல்ல, உயர்நிலைப் பள்ளிகூட அல்ல. வெறும் தொடக்கக் கல்வி. படித்த அம்மா என்றால் வசதியான குடும்பமாக இருக்கும், அதனால்தான் பிள்ளை தப்பியது என்று சந்தேகம் வரலாம். அதையும் சோதித்தார்கள். அந்த அம்மா பிறந்த ஊரில், அவள் சிறுமியாக இருந்தபோது, பெண்கள் பள்ளி இருந்ததா என்று பார்த்தார்கள். பள்ளி எந்த ஊரில் அமைந்தது என்பது அவள் குடும்ப வசதியைப் பொறுத்ததல்ல. அப்படிப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை.

அந்த அம்மாக்கள் வீட்டுக்குள் என்ன செய்தார்கள் என்பதை எந்தத் தேர்வுத்தாளும் காட்டாது. ஊகிக்கலாம். ஐந்தாம் வகுப்பு படித்தவள் பிள்ளையின் நோட்டைப் புரட்டினால், எங்கே தடுக்கி நிற்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவாள். பள்ளிக்கூடம் 40 பேருக்கு ஒரே பக்கத்தை நடத்துகிறது. அம்மா ஒருவனுக்கு, அவன் நிற்கும் பக்கத்தை நடத்துகிறாள்.

வானொலி பேசும், கேட்காது

நெருக்கடியில் பள்ளியை எப்படி நடத்துவது என்ற கேள்வி புதிதல்ல. 1937-இல் அமெரிக்காவின் சிகாகோவில் போலியோ பரவியது. கோடை விடுமுறை முடிந்தும் பள்ளிகளைத் திறக்க முடியவில்லை. நகரத்தின் கல்வி அதிகாரிகள் உள்ளூர் வானொலி நிலையங்களிடம் நேரம் பெற்று, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான 3,15,000 பிள்ளைகளுக்குப் பாடத்தை ஒலிபரப்பினார்கள். எந்த வகுப்புக்கு எந்த நேரம், எந்த நிலையம் என்ற அட்டவணையைக் காலைச் செய்தித்தாள்கள் அச்சிட்டன. பாடம் 15 நிமிடம். இன்றைய இணைய வகுப்பின் பாட்டி அது.

அதோடு இன்னொன்றும் செய்தார்கள். பெற்றோர் அழைத்துக் கேட்பதற்காக ஆசிரியர்களைத் தொலைபேசியருகே உட்காரவைத்தார்கள். முதல் நாளே ஆயிரத்துக்கும் மேல் அழைப்புகள் வந்து குவிந்தன; கூடுதல் ஆசிரியர்களை அமர்த்த வேண்டியதாயிற்று. வானொலி ஒரே நேரத்தில் லட்சம் வீடுகளில் பேசும். ஒரு வீட்டில் ஒரு பையன் முழிப்பது அதற்குத் தெரியாது. அந்தக் குறையை அடைக்கத்தான் தொலைபேசி.

2014-இல் எபோலா பரவியபோது சியரா லியோன் நாட்டுப் பள்ளிகள் ஏறக்குறைய ஓராண்டுப் படிப்பை இழந்தன. அங்கும் வானொலிதான் பாடம் எடுத்தது. 2020-இல் உலகமே மூடியபோது, தொலைபேசியை முறையாகச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு போட்ஸ்வானாவில் கிடைத்தது. நோம் ஆங்ரிஸ்ட், பீட்டர் பெர்க்மன், மொய்த்ஷெபி மட்ஷெங் ஆகியோர் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் உள்ள 4,500 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. இரண்டாம் பிரிவுக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தியில் சில கணக்குகள். மூன்றாம் பிரிவுக்கு அதே குறுஞ்செய்தியோடு, வாரம் ஒருமுறை 15–20 நிமிடத் தொலைபேசி அழைப்பு.

அழைப்பு எப்படி நடக்கும்? அம்மாவோ அப்பாவோ எடுப்பார், ஸ்பீக்கரில் போட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவார். ஆசிரியர் அந்த வாரக் கணக்கைக் கேட்பார். பிள்ளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடும்: எதை எதிலிருந்து கழிக்கிறேன், எவ்வளவு மீதி. எந்த இடத்தில் குரல் தயங்குகிறதோ அங்கே ஆசிரியர் நிறுத்துவார். கூட்டல் வராவிட்டால் அடுத்த வாரமும் கூட்டல், வந்துவிட்டால் கழித்தல். சாதாரணப் பட்டன் போன் போதும், இணையம் வேண்டாம்.

எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, குறுஞ்செய்தி மட்டும் பெற்றவர்களிடம் உறுதியாகச் சொல்லும்படி முன்னேற்றம் இல்லை. அழைப்பும் சேர்ந்தவர்களிடம் இருந்தது. அளவைப் புரிந்துகொள்ள, திறமைப்படி நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவில் 50-ஆவதாக நின்ற பிள்ளை 45-ஆவது இடத்துக்கு வந்திருந்தது. கொஞ்சம்தானே என்று தோன்றலாம். இதே முறையை இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா என ஐந்து நாடுகளில் 16,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களில் நடத்தியபோது விளைவு இன்னும் பெரிதாக இருந்தது: 50-ஆம் இடத்துப் பிள்ளை ஏறக்குறைய 38-க்கு ஏறியது. வாரம் 20 நிமிடத்தில், ஆசிரியர் முகம்கூடப் பார்க்காமல்.

தெருமுனைத் தன்னார்வலர்

இதே கேள்விக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த விடை உலக அளவில் பேசப்படுகிறது. நாம்தான் அவ்வளவாகப் பேசுவதில்லை. கொரோனாவால் இங்கே தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பரில்தான் திறந்தன. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரிடம் 2019-இலேயே தமிழகக் கிராமக் குழந்தைகளுக்கு வைத்த தேர்வின் மதிப்பெண்கள் இருந்தன. பள்ளி திறந்தபின் அதே கிராமங்களுக்கு மறுபடி போய், சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள்.

2021 டிசம்பரில் நிலைமை மோசம். 2019-இல் அதே வயதில் இருந்தவர்களோடு வைத்துப் பார்த்தால், கணக்கில் 50-ஆம் இடத்தில் நின்றிருக்க வேண்டிய குழந்தை 75-ஐயும் தாண்டிப் பின்னால் போயிருந்தது. தமிழில் 63-ஆம் இடத்துக்கு. கணக்கில் அடி பெரிது, ஏனென்றால் வீட்டில் யாரும் நீள் வகுத்தல் பேசிக்கொள்வதில்லை.

ஆறே மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. பள்ளி திறந்ததே இதற்கு முக்கியக் காரணம். அதற்கு அடுத்த பங்கு, மீட்பில் ஏறக்குறைய நான்கில் ஒன்று, ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். மாதம் 1,000 ரூபாய். மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். கோயில் மண்டபம், வீட்டுத் திண்ணை, சமுதாயக் கூடம் என்று இடம் கிடைத்த இடத்தில் பத்திருபது பிள்ளைகள். அதிகம் பயன்பெற்றவர்கள், அதிகம் இழந்திருந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

பாகிஸ்தான் மலையில் ஐந்தாம் வகுப்பு படித்த அம்மா, போட்ஸ்வானாவில் போனில் வந்த குரல், நம்மூர்த் திண்ணையில் உட்கார்ந்த அக்கா. மூவருமே பாடத்திட்டம் எங்கே இருக்கிறது என்று பாராமல், பிள்ளை எங்கே இருக்கிறது என்று பார்த்தவர்கள்.

குண்டு விழும் ஊரில்

நிலநடுக்கம் ஒருமுறை வந்து போய்விடும். தொற்று ஒருநாள் அடங்கும். போர் அப்படியல்ல. பள்ளி திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். இழப்பு ஒரே பள்ளமாக இல்லாமல் துண்டு துண்டாக விழுகிறது. அதோடு, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மூளையே வேறு வேலையில் இருக்கிறது.

சமூகவியலாளர் பேட்ரிக் ஷார்க்கி 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. மறுபடியும் சிகாகோ. ஒரே குடியிருப்பில் வாழும் கறுப்பினக் குழந்தைகளில், அருகில் ஒரு கொலை நடந்த ஒரு வாரத்துக்குள் மொழித் தேர்வு எழுதியவர்களையும், வேறு சமயத்தில் எழுதியவர்களையும் ஒப்பிட்டார். கொலையை அந்தக் குழந்தை கண்ணால் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் நூறு பேர் வரிசையில் 50-ஆவதாக நின்றிருக்க வேண்டிய பிள்ளை 70-க்கு அருகிலோ அதற்கும் பின்னாலோ போனது. அந்தப் பிள்ளை ஒரே வாரத்தில் எதையும் மறந்துவிடவில்லை. தெரிந்ததை எடுத்துப் பயன்படுத்த முடியவில்லை. 47-உடன் 38-ஐ மனக்கணக்காகக் கூட்டும்போது மீதி 1-ஐ ஒரு நொடி மனதில் பிடித்துவைக்க வேண்டும். அந்த இடத்தில் அச்சம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த ஆபத்து எங்கிருந்து வரும் என்று கண்காணிப்பது உயிர் பிழைக்க மூளைக்கு அவசியம். பின்னம் அவசியமில்லை.

அதனால் போர்க்காலக் கல்வியில் முதல் பாடம் பாதுகாப்பு உணர்வு. உக்ரைனின் கார்கிவ் நகரம் ரஷ்ய எல்லையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஏவுகணை வந்து விழ ஒரு நிமிடம்கூட ஆகாது. அபாயச் சங்கு ஊதிய பிறகு பிள்ளைகளை மாடியிலிருந்து இறக்க நேரமில்லை. 2023 செப்டம்பரில் நகர நிர்வாகம் மெட்ரோ ரயில் நிலையங்களுக்குள்ளேயே வகுப்பறைகளைக் கட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே படித்தார்கள். 2024 மே மாதம், முழுக்கத் தரைக்கடியில் கட்டிய பள்ளி ஒன்றும் திறந்தது. ஷிப்டு முறையில் 900 பேர் படிக்கலாம். ஜன்னல் கிடையாது. சங்கு ஊதினாலும் பாடத்தை நிறுத்த வேண்டியதில்லை, அந்தப் பள்ளியின் மொத்த நோக்கமும் அதுதான்.

ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் பதில் வேறு வடிவம் எடுத்தது. அங்கே ஆபத்து வழியில் இருந்தது. டானா பர்ட், லீ லிண்டன் இருவரும் 2007-இல், சுமார் 30 கிராமங்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த ஏறக்குறைய பாதியில், ஊருக்குள்ளேயே சிறு பள்ளி அமைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். தனிக் கட்டடம் இல்லை. ஊரில் இருக்கும் ஏதோ ஓர் அறை, படித்த உள்ளூர்க்காரர் ஒருவர். பெண் குழந்தைகளின் சேர்க்கை சுமார் 50 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்க்கையில் இருந்த இடைவெளியே மறைந்தது. பெண் படிப்பதை ஊர் வெறுக்கிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், தூரம்தான் பெரிய தடையாக இருந்திருக்கிறது.

செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பத்து வயதில் இருந்த ஜெர்மானியர், ஆஸ்திரியர்களை, போரில் இறங்காத சுவிட்சர்லாந்து, ஸ்வீடன் நாடுகளின் அதே வயதினரோடு ஆந்த்ரியா இகினோ, ருடால்ஃப் வின்டர்-எப்மர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஒப்பிட்டார்கள். போர் நாட்டுக் குழந்தைகள் குறைவாகவே படித்தார்கள். 40 ஆண்டுகள் கழித்து, 1980-களில், அவர்கள் சம்பளத்திலும் அந்தக் குறை தெரிந்தது. இத்தனைக்கும் ஜெர்மனி அதற்குள் உலகப் பணக்கார நாடுகளில் ஒன்றாகியிருந்தது. கட்டடங்கள் மீண்டன, தொழிற்சாலைகள் மீண்டன. அந்தப் பத்து வயதுக்காரர்கள் மீளவில்லை.

நிவாரணம் எப்போது தொடங்குகிறது?

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் இரண்டு வேலைகள் தெளிவாகின்றன. முதலாவது, பள்ளி திறந்த நாளில் செய்ய வேண்டியது. விட்ட பாடத்தை வேகமாக ஓட்டி முடிப்பது அல்ல. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, ஒரு கழித்தல் கணக்கைப் போடச் சொல்லிப் பார்ப்பது. அது தடுக்கும் இடத்திலிருந்து தொடங்குவது. தலைக்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்தால் ஒன்றரை ஆண்டைக்கூடக் கொடுக்க வேண்டியிருக்கலாம்.

இரண்டாவது வேலைக்குப் பேரிடர் வரும்வரை காத்திருக்க முடியாது. 2005-இல் அந்த மலைக் குழந்தைகளைக் காத்தது, அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, அவர்களுடைய அம்மாக்கள் பிறந்த ஊர்களில் யாரோ திறந்த பெண்கள் பள்ளி. அதைத் திறந்தவர்கள் நிலநடுக்கத்தை நினைத்துத் திறக்கவில்லை. ஆனால் கூடாரமும் சிமெண்டும் ரொக்கமும் செய்ய முடியாததை அந்தப் பள்ளி செய்தது. அப்படிப் பார்த்தால் 2021 செப்டம்பரிலிருந்து பெண் குழந்தைகளை ஆறாம் வகுப்போடு நிறுத்திவைத்திருக்கும் ஆப்கானிஸ்தான், இன்றைய சிறுமிகளின் படிப்பை மட்டும் பறிக்கவில்லை. ஊர்ப் பள்ளியில் பாடம் எடுக்க நாளை கிடைத்திருக்க வேண்டிய ஆசிரியைகளையும், அடுத்த பேரிடரில் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்த்து உயர்வகுப்புக் கணக்கைச் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய அம்மாக்களையும் சேர்த்தே இழக்கிறது. அந்தக் கணக்கு இன்று எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. இன்னும் பிறக்காத பிள்ளைகளின் தேர்வுத்தாளில்தான் வரும்.